ஆளுக்கொரு கைப்பிடி

கையில் தூண்டில் இல்லாமல் ஒரு மனிதன் கடற்பாலத்தில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. மாப்பிள்ளை அதைச் சோதித்தே பார்த்திருக்கிறார். கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம் வெறுங்கையோடு போய், பாலத்தின் கடைசி விளக்குக் கம்பத்தடியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் காவலாளி வந்து, "வீட்ல ஏதாவது சண்டையா சார்?" என்று கேட்டார். அவர் போன பிறகு ஒரு அம்மாள் பக்கத்தில் வந்து நின்று, எல்லாக் கஷ்டத்துக்கும் ஒரு விடிவு உண்டு என்று சொல்லிவிட்டு, போகாமல் அங்கேயே நின்றாள். மறுநாள் மாப்பிள்ளை ஒரு தூண்டில் கழி வாங்கிக்கொண்டு போய், அதே இடத்தில், அதே கடலை, அதே முகத்தோடு பார்த்தார். யாரும் பதறவில்லை. "என்ன, கடிக்குதா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள். சும்மா இருப்பதற்கும் ஒரு உபகரணம் வேண்டியிருக்கிறது.

அப்படி உட்காரவேண்டிய அவசியம் அவருக்கு இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸின் விளிம்பைத் தேய்த்து ஃபிரேமில் உட்கார வைப்பது அவர் வேலை. காலையிலிருந்து அவருக்கு உலகம் என்பது கண்ணுக்கும் கைக்கும் நடுவில் ஒரு சாண். கடையை விட்டு வெளியே வந்தால் தெருவே பனிமூட்டமாகத் தெரியும். பாலத்துக்குப் போய், தண்ணீரும் வானமும் ஒட்டுகிற கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தால்தான் கண் தன் நிலைக்கு வரும். கண்ணோடு சேர்ந்து ஆளும் தன் நிலைக்கு வருவார்.

வீட்டில் அவ்வளவு தூரத்தில் பார்க்க எதுவும் இல்லை. பார்த்த இடமெல்லாம் மாமனார். மாப்பிள்ளை வீட்டோடு மாப்பிள்ளை. மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை. அவருக்கும் மனைவிக்கும் விட்டிருந்த அறையில்தான் மொத்தக் குடும்பத்தின் பீரோ, இஸ்திரி மேஜை, மாமனார் குடிநீர் அலுவலகத்தில் வாங்கிய கேடயங்கள் எல்லாம் இருந்தன. மாமனாருக்குச் சட்டை வேண்டுமென்றால் கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவார். தட்டுவதும் வருவதும் ஒரே சமயத்தில் நடக்கும்.

மாமனார் ஓய்வு பெற்றார். ஒரு அலுவலகமே வாயை மூடிக்கொண்டு கேட்ட பேச்சு, இப்போது கேட்க ஆளில்லாமல் ஹாலில் தேங்கி நின்றது. மாமியார் சமையலறைக்குள் போய்விடுவார். மகள் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை வேலைக்குப் போய்விடுவாள். ஒருநாள் சாயங்காலம் மாமனார் செருப்பை மாட்டிக்கொண்டு, "மாப்பிள்ளை, தினமும் எங்கதான் போறீங்க? நானும் வந்து பார்க்கறேனே" என்று கிளம்பினார்.

பாலத்தில் பத்துப் பதினைந்து பேர் ஆளுக்கொரு கம்பத்தடியில் பேசாமல் உட்கார்ந்திருப்பதைக் கண்டார். இத்தனை காதுகள் வேலையில்லாமல் இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. அடுத்த மாதமே 'கடற்பாலத் தூண்டிலர் நலச் சங்கம்' பிறந்துவிட்டது. மாமனார் தலைவரானார். தலைவர் தூண்டிலைத் தொடமாட்டார். "சமையல்காரன் வேற, விருந்து வைக்கிறவன் வேற" என்பார். பாலத்தின் நுழைவாயிலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற உறுப்பினர்களை நிறுத்தி மீனைப் பற்றிப் பேசுவார். அந்த நாற்காலியைத் தினமும் தோளில் சுமந்து வருவது மாப்பிள்ளை. ஆனாலும் கடைசிக் கம்பம் கடைசியில்தான் இருந்தது. காற்று நிலத்துப் பக்கமிருந்து அடிக்கிற நாட்களில் மட்டும், "மீன் என்பது யார்?" என்பதுபோல ஒன்றிரண்டு வாக்கியங்கள் வந்து விழும். மற்ற நாட்களில் கடல்தான். அதுவே போதும் என்றிருந்தார் மாப்பிள்ளை.

அதற்கும் வந்தது வினை. வேடிக்கை பார்க்க வந்த ஒருவருடைய தொப்பியை யாரோ வீசிய தூண்டில் கொத்திக்கொண்டு போய்விட்டது. தொப்பிக்குக் கீழே முடியில்லை. போன தொப்பியைவிட, இல்லாத முடி ஊருக்குத் தெரிந்துபோனதுதான் அவருக்குத் தாங்கவில்லை. துறைமுக அலுவலகத்துக்குப் புகார் போனது. பாலத்தில் தூண்டில் போடுவதையே நிறுத்திவிடலாமா என்று பார்க்க, ஞாயிற்றுக்கிழமை காலையில் அதிகாரி நேரில் வருகிறார் என்று சேதி வந்தது.

சங்கத்துக்கு ரொட்டி உபயம் பேக்கரிக்காரர். அவருடைய மச்சான் துறைமுக அலுவலகத்தில் இருந்தார். "அதிகாரி சின்ன வயசுல தூண்டில் பைத்தியமாம்" என்று பேக்கரிக்காரர் துப்புக் கொண்டுவந்தார். "அவர் கையில ஒரு மீன் மாட்டிச்சுன்னா போதும், ஆளே உருகிடுவார்னு மச்சான் சொல்றான்."

"மாட்டும்" என்றார் தலைவர். "மாட்ட வைப்போம்."

வழி ஒன்றும் புதிதல்ல. மீனை இடத்துக்குப் பழக்குவது. மீன் தலையும் குடலும் பழைய ரொட்டியும் தவிடும் சேர்த்து அரைத்து, கொஞ்சம் மீனெண்ணெய் விட்டுப் பிசைந்து, வெங்காயம் வருகிற வலைப்பையில் கல்லோடு கட்டிப் பாலத்தின் காலடியில் இறக்கிவிட்டால், அலை அதைக் கரைத்து இழுத்துக்கொண்டு போகும். அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே மீன் ஏறி வரும். தலைவர் அதற்கு 'ஈர்ப்புக் கலவை' என்று பெயர் சூட்டினார். உறுப்பினர்கள் அதை 'நாத்தம்' என்றார்கள்.

"இதுல ஒரு தத்துவம் இருக்கு" என்று தலைவர் விரலை உயர்த்தினார். "மணம் போகணும், தீனி போகக்கூடாது. பசியைக் கூப்பிடணும், பசியைத் தீர்க்கக்கூடாது. அதனால வாரம் முழுக்க ஆளுக்கொரு நாள், கடைசிக் கம்பத்தடியில கொஞ்சமாப் போட்டு மீனைப் பழக்கறோம். ஞாயித்துக்கிழமை காலையில யாரும் ஒரு துணுக்குகூடப் போடக்கூடாது. வெறும் வலைப்பை மட்டும். பழகின மீன் பசியோட வரும். தூண்டிலைப் பார்த்ததும் பாயும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். கடைசிக் கம்பம் என்றதும் மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. அங்கேதான் ஆழம் அதிகம், மறுத்துப் பேச வழியில்லை.

கலவையை அரைத்தது மாமியாரின் மிக்சியில். மாமியார் மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு வாசலில் போய் நின்றார். "இனிமே இதுல நான் எதை அரைச்சாலும் உங்க சங்கம்தான் மணக்கும்" என்றார். அரைத்ததை டப்பாக்களில் அடைத்து உறுப்பினர்களுக்குப் பங்கு பிரித்தார்கள். மாப்பிள்ளையின் பங்கு பால்கனியில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்தது.

வாரம் நன்றாகவே போனது. புதன்கிழமை பத்து மடவை வந்தது. மடவை ரொட்டிக்கு உயிரை விடுகிற மீன். வெள்ளிக்கிழமை கணக்குத் தெரியாத அளவுக்கு வந்தது. காலை நடைக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "அட" என்றார்கள். தலைவர் அந்த 'அட'வைத் தனக்கென்றே எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் மனைவி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கட்டிலில், கேடயங்களுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கு மீன் மாட்டலைன்னா?" என்றார்.

"மாட்டலைன்னா என்னங்க? கடற்கரையில நடங்க. உடம்புக்கும் நல்லது."

"உங்கப்பா?"

மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அப்பா சங்கத்தையெல்லாம் கலைக்கமாட்டார். ஹால்ல எத்தனை நாற்காலி போடலாம்னு நேத்துதான் அம்மாகிட்ட கேட்டுட்டிருந்தார்."

மாப்பிள்ளை கணக்குப் போட்டுப் பார்த்தார். ஹாலில் சங்கம். கடையில் ஒரு சாண் உலகம், வீட்டில் அந்த ஒரு சாணும் கிடையாது. கடைசிக் கம்பம் போனால் போக்கிடம் ஏது?

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாத வேளையில், பால் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார். கையில் பால் பை. பைக்குள் டப்பா. சும்மா ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனார். கடைசிக் கம்பத்தடியில் எட்டிப் பார்த்தார். தண்ணீர் வெறிச்சோடிக் கிடந்தது.

ஒரு வாரம் வந்த மீன் இன்றைக்கென்று வராமல் போனால்? ஒரு கைப்பிடி போட்டார். ஒரு கைப்பிடியில் என்ன ஆகிவிடப்போகிறது? தண்ணீர் அதை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டது. இன்னொரு கைப்பிடி. தூரத்தில் ஒரு வால் புரண்ட மாதிரி இருந்தது, அலையாகவும் இருக்கலாம். டப்பாவைக் கவிழ்த்து அடியில் தட்டினார்.

திரும்பி வரும்போது எதிரே பேக்கரிக்காரர் சைக்கிளில் வந்தார். கேரியரில் ஒரு சாக்கு.

"என்ன மாப்பிள்ளை, இவ்வளவு காலையில?"

"சும்மா நடை. நீங்க?"

"நானும் நடைதான்" என்றார் பேக்கரிக்காரர், சைக்கிளை விட்டு இறங்காமலே.

மாப்பிள்ளை மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் கேள்வி திரும்பி வரும். பேக்கரிக்காரரும் கேட்கவில்லை.

வீட்டுப் படியேறும்போது பின்னாலேயே மாமனார் மூச்சு வாங்க ஏறி வந்தார். இருவருமே கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பால் எங்கே மாப்பிள்ளை?"

"தீர்ந்துபோச்சாம் மாமா. நீங்க?"

"பேப்பர் வாங்கப் போனேன். இன்னும் வரலை."

இருவரும் அடுத்த படிக்கட்டு வரை ஏறினார்கள்.

"படியில என்னமோ நாறுதே" என்றார் மாமனார்.

"கீழ் வீட்ல மீன் வாங்கியிருப்பாங்க மாமா."

"அப்படித்தான் இருக்கும்."

அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். வெளுத்த சட்டை, அகலத் தொப்பி, உறையில் போட்ட சொந்தத் தூண்டில் கழி. கழியைக் கண்டதும் சங்கத்தாரின் முகங்கள் மலர்ந்தன. தலைவர் அவரைக் கடைசிக் கம்பத்தடிக்கு அழைத்துக்கொண்டு போய், பேசத் தொடங்கினார். கடலின் பெருமையில் ஆரம்பித்து, சங்கத்தின் தோற்றத்தைத் தொட்டு, தாம் குடிநீர்க் குழாய் பதித்த காலத்துக்குப் போனார். அதிகாரி இரண்டு தடவை கழியை உறையிலிருந்து உருவப் பார்த்து, இரண்டு தடவையும் மரியாதைக்காக நிறுத்தினார்.

பேச்சு குழாய் வெடித்த சம்பவத்தை எட்டும்போது, சங்க உறுப்பினரான பஸ் டிரைவர், "தலைவரே, தண்ணியைப் பாருங்க" என்றார்.

தண்ணீர் கறுத்திருந்தது. மடவை. பாலத்தின் காலைச் சுற்றி, முதுகோடு முதுகு உரச, சந்தையில் ஜனம் நகர்கிற மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது. இவ்வளவு மீனை மாப்பிள்ளை தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. சங்கத்தார் நெஞ்சை நிமிர்த்தினார்கள். அதிகாரி சின்னப் பையனைப் போல அவசர அவசரமாக ரொட்டியை உருட்டி முள்ளில் குத்தி இறக்கினார்.

ரொட்டி உருண்டை ஒரு மடவையின் மூக்குக்கு நேரே இறங்கியது. அது மூக்கால் உருண்டையை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனது. அடுத்தது ஒதுங்கி வழிவிட்டது. மூன்றாவது, வாயைத் திறந்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள். அது கொட்டாவி விட்ட மாதிரி வாயை மூடிக்கொண்டது.

அதிகாரி உருண்டையைச் சிறிதாக்கினார். பெரிதாக்கினார். முள்ளை மாற்றினார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீனைப் பார்த்திருக்கலாம். நழுவக்கூடச் சோம்பல் படுகிற மீனை அன்றைக்குத்தான் எல்லாரும் பார்த்தார்கள். இழுத்த தூண்டில் நரம்பு ஒரு மீனின் முதுகில் உரசினால், அது நகராமல் உடம்பை மட்டும் சற்றுச் சாய்த்துக்கொடுத்தது.

அப்போதுதான் மாப்பிள்ளை தண்ணீரை உற்றுப் பார்த்தார். ஒரு சாண் தூரத்தில் கண்ணாடிக் கீறலைக் கண்டுபிடிக்கிற கண். மிதப்பது எல்லாம் அவர் போட்டதல்ல. மஞ்சளாகக் கேக் துண்டுகள் மிதந்தன, ஒன்றில் செர்ரிப் பழம்கூட ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் பேக்கரிக்காரரைப் பார்த்தார். பேக்கரிக்காரர் அடிவானத்தைப் பார்த்தார். இன்னொரு பக்கம் பஸ் டெப்போ கான்டீனின் தடித்த ரொட்டி ஓரங்கள். டிரைவர் செருப்பைப் பார்த்தார். தலைவர் மட்டும் நிமிர்ந்து நின்றார். ஆனால் அவர் கைகொடுத்த பிறகு, அதிகாரி தன் கையை மோந்து பார்த்ததை மாப்பிள்ளை கவனித்திருந்தார்.

ஆக, போடாத ஆளில்லை. தத்துவம் சொன்னவர் உட்பட. மற்றவர்கள் போடமாட்டார்கள் என்று நம்பி ஒவ்வொருவரும் ஒரு கைப்பிடி போட்டிருந்தார்கள்.

"எல்லாம் சாப்பிட்டுட்டு வந்த மாதிரி இருக்கே" என்றார் அதிகாரி.

மாப்பிள்ளைக்கு வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சார், தப்பு எங்க மேலதான். பயத்துல ஆளுக்கொரு கைப்பிடி போட்டுட்டோம். நாளைக்கு இதே நேரம் வாங்க, கூடையே பத்தாது. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அதிகாரி சிரிப்பார். தூண்டில் பைத்தியத்துக்கு இன்னொரு தூண்டில் பைத்தியத்தின் தவறு புரியாதா?

"சார்" என்று ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை, ஒரு நிமிஷம்" என்றார் தலைவர். அந்தக் குரலுக்கு வீட்டில் எல்லாக் கதவுகளும் திறக்கும், எல்லா வாய்களும் மூடும். மாப்பிள்ளையின் வாயும் பழக்கப்பட்ட வாய். "சார், விஷயம் என்னன்னா, இதுங்க பழகிடுச்சு. எங்க சங்கத்தோட பராமரிப்பு அப்படி. எங்களைக் கண்டா பயமே கிடையாது."

அதிகாரி கழியைப் பாலத்தின் ஓரச் சுவரில் சாய்த்தார். "பழகின மீனையா பிடிக்கறீங்க?"



"பிடிக்கறதுன்னு இல்லை சார்" என்றார் தலைவர். ஆழம் தெரியாமல் காலை விட்டவர், இப்போது இடுப்புவரை இறங்கிவிட்டார். "பிடிக்கறது எங்க நோக்கமே இல்லை. வளர்க்கறது, பாதுகாக்கறது..."

"அப்ப இங்கே தூண்டில் போடறது பாவமில்லையா?"

தலைவர் சங்கத்தாரைத் திரும்பிப் பார்த்தார். சங்கம் மடவையைப் பார்த்தது. எதிர்க்கேள்வி இல்லாமலே பேசிப் பழகியவருக்கு, ஒத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

"மகா பாவம் சார்" என்றார்.

அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. தாம் வந்தது ஒரு வழக்கைத் தீர்க்க, ஆனால் கிடைத்ததோ ஒரு திட்டம் என்றார். இந்தப் பாலத்தை மீன் காட்சி இடமாக அறிவித்துவிடலாம் என்றார். தலைவரைப் போன்ற பெரியவர் கௌரவக் காப்பாளராக இருந்து வழிகாட்ட வேண்டும் என்றார். கௌரவம் என்ற சொல் காதில் விழுந்ததும் தலைவரின் தோள் தானாகவே சால்வைக்கு இடம் கொடுத்து அகன்றது. பேக்கரிக்காரர் வாய் திறந்தார், கேக்கை நினைத்து மூடிக்கொண்டார். மாப்பிள்ளை கடைசிக் கம்பத்தைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். துருவும் உப்பும் உள்ளங்கையில் ஒட்டின.

அடுத்த வாரம் பலகை வந்தது. தூண்டில் போடக்கூடாது. மீனுக்குத் தீனியும் போடக்கூடாது. உட்காரக்கூடாது, பார்க்கிறவர்களுக்கு மறைக்கும். தீனி நின்றதும் மடவை இரண்டு நாள் வந்து பார்த்தது. மூன்றாம் நாள் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டது. காட்சி இடத்தில் காட்சி இல்லை. வந்தவர்கள் தண்ணீரைப் பார்த்துவிட்டு, பலகையைப் படித்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை ஒருநாள் போய்க் கடைசிக் கம்பத்தடியில் நின்றார். "சார், நகர்ந்துகிட்டே இருங்க" என்றார் காவலாளி. பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்ல எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்றும் கேட்டார்.

மீனில்லாத இடத்தில் காப்பாளருக்கு என்ன வேலை? சங்கம் மூன்றாவது மாடி ஹாலுக்கு வந்தது. மாப்பிள்ளை கடையிலிருந்து வரும்போது படியிலேயே, "மீன் என்பது யார்?" என்று கேட்கும். இப்போது காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் கேட்கிறது. அவருடைய இடம் ஃபிரிட்ஜுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு நாற்காலி. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் குளியலறைக் குழாய். கண் அதற்கு மேல் போவதில்லை.

ஒருநாள் சமையலறைக்குள் போய் மனைவியிடம் மெதுவாகக் கேட்டார். "ஒரு வாரம் இந்த பிஸ்கட் தட்டை வைக்காம இருந்து பாரேன். தானா கலைஞ்சு போயிடுவாங்க."

மனைவி தேநீரை வடிகட்டிக்கொண்டே அவரைப் பார்த்தாள். சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம்.

"நானா வைக்கறேன்? பேக்கரிக்காரர் பிஸ்கட் கொண்டு வர்றார். டிரைவர் வறுத்த கடலை கொண்டு வர்றார். அப்பா வேற, யாருக்கும் தெரியாம கீழே போய் கேக் வாங்கிட்டு வந்து வெச்சிடறார். ஒரு ஆள் குறைஞ்சாலும் மனுஷன் தாங்கமாட்டார்ங்க."

ஹாலிலிருந்து குரல் வந்தது. "மாப்பிள்ளை எங்கே? வாங்க, வாங்க. உங்களுக்காகத்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்."

போய் உட்கார்ந்தார். தட்டு கைமாறிக் கைமாறி அவர் முன்னால் வந்து நின்றது. பசியில்லை. மூக்கால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போக மடவைக்கு முடிந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றை எடுத்துக்கொண்டார்.